நிழலுக்கு இரண்டடி தள்ளி

அக்கா என்னிடம் முதன்முதலாகப் பேசியது என் குதிகாலைப் பற்றி.

மலாய் நாட்டில், எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில், கோட்டைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், பழைய வணிகர் பங்களாவைப் புதுப்பித்துப் படங்களைத் தொங்கவிட்டுக் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். படங்களுக்குக் கீழே ஒட்டும் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தர என்னை அழைத்திருந்தார்கள். நான் மொழிபெயர்ப்பாளன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளிலிருந்து கோயில் திருவிழா அறிவிப்பு வரை எது வந்தாலும் தமிழாக்கித் தருவேன். அன்று மேனேஜருக்காக மாடி அறையில் காத்து நின்றேன். மூலையில் நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டையோடு ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். காவல் வேலையை எங்கள் ஊரில் ஜாகா வேலை என்போம். அவர் அந்த அறைக்கு ஜாகா. அறுபதை நெருங்கும் வயது. ஐந்து நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, வலது குதிகால் நோவுதா?"

நான் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, மனைவியிடம்கூட.

"காலையில எந்திரிச்சு மொத அடி வெக்கும்போது உயிரே போகும்லா?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"வந்ததுலேருந்து குதிகால கீழ வெக்காமலே நிக்கிறீங்க. ஐஸ் தண்ணி போத்தல காலுக்கடியில போட்டு உருட்டுங்க. டாக்டரு கிட்ட போனாலும் அதத்தான் சொல்லுவாரு."

டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரைப் பற்றி ஏற்கெனவே ஒருமுறை ஒரு வரி எழுதி அச்சேற்றிவிட்டேன். அது என்ன வரி, அதனால் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடத்தில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

மனிதர்கள் நிற்பதைப் பார்த்தே அவர்களைப் படித்துவிடுவார் அக்கா. முகத்தை அவர் பெரிதாக மதித்ததில்லை. "மூஞ்சிய எல்லாரும் பழக்கி வெச்சிருக்காங்க தம்பி. கால யாரும் பழக்குறதில்ல," என்பார். முறையான திறப்பு விழாவுக்கு முன்பே கூடத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். படம் பார்க்க வருகிறவர்களில் யார் உண்மையிலேயே பார்க்கிறார்கள், யார் வெளியே வெயில் தாங்காமல் ஏர்கோன் குளிருக்காக ஒதுங்கியிருக்கிறார்கள், எந்தக் கணவனும் மனைவியும் காரில் வரும்போதே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள் என்று மூலையில் நின்றபடியே சொல்லுவார். ஆள் போனபிறகு என் காதருகே சொல்லுவார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பேன்.

இந்த வித்தை அவருக்கு வந்தது பாயான் லெப்பாஸில். இருபது வருடத்துக்கும் மேல் அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கண் மட்டும்தான் வெளியே தெரியும். பக்கத்தில் நிற்பது மலாய்க்காரப் பெண்ணா, சீனத்தியா, நம்ம ஆளா என்றுகூடத் தெரியாது. ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை. யார் எப்படி நிற்கிறார்கள் என்பதை வைத்தே ஆளை அடையாளம் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டார்களாம். "ஒருத்தி நிக்கிறத பாத்தே அவ இன்னிக்கு அழுதுட்டு வந்திருக்கான்னு சொல்லிருவேன்," என்றார். அந்த இருபது வருடம் அவர் கால்களில்தான் மிச்சம் இருந்தது. முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். இழுத்தால் நீளும் கட்டுத்துணியால் இறுகச் சுற்றிக்கொண்டு வருவார். கூடத்திலோ பார்வையாளர் இருக்கும்போது ஜாகா உட்காரக் கூடாது என்பது விதி. அறை மூலையில் அழகான பிரம்பு நாற்காலி ஒன்று இருந்தது. அதுவும் காட்சிப்பொருள். குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள்.

அவர் சொல்வதெல்லாம் பலித்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அவரை அழைத்திருந்தேன். மணவறையில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்து, "மாப்பிள்ள கால் வாசல பாக்குது தம்பி. இங்க நிக்க மனசில்ல," என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார். அண்ணி காதில் விழுந்து கலவரமாகிவிட்டது. கடைசியில் மாப்பிள்ளைக்குச் சிகரெட் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கு இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறான். "தப்பாப் போச்சுலா," என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணி இன்று வரை அவரை மன்னிக்கவில்லை.

ஆனால் ஒரு தைப்பூசத்தில் நான் கண்ணாலேயே பார்த்தேன். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில், எங்கள் தெருக்காரர்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் அக்காவும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று செம்பைக் கீழே வைத்தார். "நாக்காலி எடுங்க, நாக்காலி எடுங்க, அந்தக் காவடிக்காரரு விழப் போறாரு." நாங்கள் எட்டிப் பார்த்தோம். நாற்பது வயதிருக்கும், திடமான ஆள், மேளத்துக்கு ஏற்ப நன்றாகத்தான் ஆடி வந்தார். "நல்லாத்தானேக்கா வராரு?" என்றேன். "வெரல பாருங்க. தார் ரோட்ட புடிக்கப் பாக்குது," என்றபடி அவரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பத்து அடி வருவதற்குள் அந்த மனிதர் முழங்கால் மடிந்தது. நாற்காலி சரியாக அவருக்குப் பின்னால் இருந்தது. காவடியோடு தரையில் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இப்போதும் பதறுகிறது. அந்த ஆள் கண் திறப்பதற்குள் அக்கா திரும்பி வந்து மோர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன்.

மாடி அறையில் இருந்தவற்றில் அது பெரிய படமும் இல்லை, எடுப்பான படமும் இல்லை. இருநூறு வருடங்களுக்கு முன்னால், கம்பெனிப் பட்டாளத்தில் இருந்த யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி மையாலும் பழுப்பு வண்ணத்தாலும் வரைந்தது. பெயர் தெரியவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்கு வானத்தின் மேல் ஒரு மோகம். படத்தில் பாதியை மேகமே எடுத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே எங்கள் தீவின் கொடிமலை, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பட்டாளக் கொட்டகைகள், ஓரத்தில் கொஞ்சம் கடல். வலது பக்கம் பெரிய மரம். அதன் நிழலில் இரண்டு அதிகாரிகள் நாற்காலியில் காலை நீட்டிப் புகை பிடிக்கிறார்கள். காலடியில் ஒரு நாய் தூங்குகிறது. அவர்களுக்கு எதிரே வெட்டவெளியில் ஒரு சிப்பாய். குட்டைச் சட்டை, முழங்காலுக்கு மேலே முடியும் கால்சட்டை, உயரமான தலைப்பாகை, வெறுங்கால், தோளில் துப்பாக்கி. என் சுண்டுவிரல் உயரம்தான் இருப்பான்.

ஆங்கிலக் குறிப்பு, இது ஒரு முகாம் காட்சி, உடன் ஒரு காவல் சிப்பாய் என்று சொன்னது. அவ்வளவே. நான் தமிழில் எழுதினேன்: "தீவைக் காத்து நிற்கும் தமிழ்ச் சிப்பாய்."

ஆங்கிலத்தில் தீவும் இல்லை, தமிழும் இல்லை. மதராசிலிருந்து வந்த பட்டாளம் இங்கே இருந்தது உண்மைதான். ஆனால் இவன் அதைச் சேர்ந்தவனா, தமிழன்தானா என்று படத்தில் எங்கும் எழுதவில்லை. நான் எழுதினேன். நம் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்ததெல்லாம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டவும் ரோடு போடவும்தான் என்று கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப் போயிருந்தது. ஒருவனாவது துப்பாக்கியோடு நிமிர்ந்து நிற்கட்டுமே என்று ஓர் ஆசை. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு நகரத்துத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் தலைவர் பூரித்துப் போனார். திறப்பு விழாவுக்குத் தாமே வருவதாகவும், விழாவை ஒட்டி ஒரு சிறப்பு மலர் போடுவதாகவும் சொன்னார். மேனேஜர் என்னோடு பள்ளியில் படித்தவன். என் தோளில் தட்டி, "கலக்கிட்டடா," என்றான்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, குறிப்பின் நகலைக் கையில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்தார். படித்துக் காட்டினேன்.

"அவரு காவலுக்கு நிக்கலையே தம்பி," என்றார்.

"துப்பாக்கியோட நிக்கிறாரே அக்கா."

"நான் ஜாகா. எனக்குத் தெரியாதா? வேலைக்குச் சேந்த மொத நாளே சொல்லிக் குடுப்பாங்க, முதுகு உள்ள, மூஞ்சி வெளியன்னு. எத காக்குறோமோ அத பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது. இவரு யார பாக்குறாரு? மரத்தடியில ஒக்காந்திருக்கிற தொரைங்கள பாக்குறாரு."

நான் குனிந்து பார்த்தேன். ஆமாம், உள்நோக்கித்தான் நின்றான்.

"காலுக்கடியில நெழல பாருங்க. சின்னதா இருக்கு. உச்சி வெய்யிலு. மரத்து நெழலு ரெண்டடி தள்ளித்தான் இருக்கு. ஜாகாவா இருந்தா அங்க போயி நிப்பான்லா? நானா இருந்தாலும் அங்கதான் நிப்பேன். முட்டிய பாருங்க, பூட்டி வெச்ச மாதிரி. குதிகால் ரெண்டும் ஒட்டியிருக்கு. நாள் பூரா நிக்கிறவன் அப்படி நிக்க மாட்டான், கால மாத்தி மாத்தி வெப்பான். இவர ஆடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க."

பிறகு, பார்வையாளருக்காகச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துச் சிப்பாயின் தோளருகே பிடித்தார். "இது என்னா?"

துப்பாக்கிக்கு அருகே இன்னொரு கோடு இருந்தது. வரைந்தவர் கோட்டைத் திருத்தியிருக்கிறார் என்று ஆங்கிலக் குறிப்பு எழுதியவர் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கட்டைகள், இரண்டு விசைகள், மேலே இரண்டு முனைகள்.

"ரெண்டு துப்பாக்கி," என்றார் அக்கா. "காவலுக்கு எதுக்கு ரெண்டு? இவர நிக்க வெச்சிருக்காங்க தம்பி. என்னா தப்பு பண்ணாரோ."

அன்று மதியம் பால் ஊற்றாத தே ஓ குடிக்கும்போது தொழிற்சாலைக் கதை ஒன்று சொன்னார். ஒரு பெண் ஏதோ ஒரு தட்டைக் கீழே போட்டுவிட்டாள். சூப்பர்வைசர் அவளைத் திட்டவில்லை. எல்லோரும் வேலை செய்யும் வரிசைக்கு எதிரே, கையைப் பின்னால் கட்டி ஷிப்ட் முடியும் வரை நிற்கச் சொன்னார். அன்று வெளிநாட்டிலிருந்து கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். நிமிர்ந்து நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்த்து, அவள்தான் மேற்பார்வையாளர் என்று நினைத்துத் தலையை ஆட்டி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்களாம். "அதுதான் தம்பி ரொம்பக் கொடும," என்றார் அக்கா. "நிக்க வெச்சதுகூட இல்ல. வணக்கம் சொன்னாங்க பாருங்க, அது."

கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் "பாப்போம் அக்கா, அச்சுக்குப் போயிருச்சு," என்றேன். அச்சுக்குப் போகவில்லை. நகல் என் கையில் இருந்தது. ஒரு போன் போட்டால் போதும். சங்கத் தலைவரின் பூரிப்பையும் தோளில் விழுந்த தட்டலையும் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

திறப்பு விழாவன்று மாடி அறை நிறையக் கூட்டம். சங்கத் தலைவர் படத்துக்கு முன்னால் நின்று பேசினார். நல்ல மனிதர். "எப்படி நிமிர்ந்து நிற்கிறான் பாருங்கள் நம் பாட்டன்!" என்றார். எல்லோரும் கை தட்டினோம். தட்டி ஓய்ந்ததும் மூலையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. உரக்கக்கூட இல்லை.

"ஐயா, அவரு காவலுக்கு நிக்கல. நிக்க வெச்சிருக்காங்க."

யாரோ சிரித்தார்கள். தலைவர் புருவத்தைச் சுருக்கி என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எழுதினீங்க?"

அக்காவும் என்னைப் பார்த்தார்.

"இங்கிலீஷ்ல அப்படித்தாங்க இருக்கு," என்றேன்.

மேனேஜர் சிரித்துச் சமாளித்தான். "அக்கா எல்லாருக்கும் இப்படித்தான் ஜோசியம் சொல்லுவாங்க," என்று கூட்டத்தைப் படியிறக்கிச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனான். போகிற போக்கில் அக்காவிடம் குனிந்து ஏதோ சொன்னான். அக்கா தலையாட்டிவிட்டு எங்களுக்குப் பின்னால் இறங்கினார். வாசலில் ஆள் போதவில்லை போலிருக்கிறது, அங்கே அனுப்புகிறான் என்று நினைத்தேன்.

பங்களா முற்றத்தில் பந்தல் போட்டு வட்ட மேசைகள் வைத்திருந்தார்கள். பிரியாணி. மலருக்குப் படம் எடுக்கும் வேலையையும் என்னிடமே விட்டிருந்ததால் கேமராவோடு சுற்றி வந்தேன். வாசல் கேட்டருகே அக்கா நின்றிருந்தார். நீலச் சட்டை, வெயில், பின்னால் ரோடு, முன்னால் பந்தல். பார்க்க அவ்வளவு கம்பீரமாக இருந்தது. மாடியில் அவரைக் கைவிட்டது உறுத்திக்கொண்டிருந்ததால், அவருக்கு ஏதாவது மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றியது. நேர் எதிரே போய் நின்று இரண்டு படம் எடுத்தேன். சிரித்துக் கையசைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மலர் வெளிவந்தது. நடுப்பக்கத்தில் சிப்பாயின் படத்தைப் பெரிதாக்கி இடப்பக்கம் வைத்தேன். வலப்பக்கம் அக்காவின் படம். கீழே என் வரி: "அன்றும் இன்றும் வாசல் காத்து நிற்கும் நம்மவர்." எழுதிய வரிகளில் நன்றாக வந்தது அதுதான் என்று நினைத்தேன்.

அதற்குள் அக்கா வேலையை விட்டிருந்தார். கால் முடியவில்லை என்று மேனேஜர் சொன்னான். மலர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமில் அவர் பிளாட்டுக்குப் போனேன். அக்கா உட்கார்ந்து, கால்களை ஒரு முக்காலியின் மேல் நீட்டியிருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நடுப்பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிட்டீங்க. பொருத்தம்தான்," என்றார்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து, என் வரியை இன்னொரு தரம் ரசிக்கத்தான் பையிலிருந்த இன்னொரு பிரதியை எடுத்தேன். பொருத்தம் என்று சொன்னாரே என்று இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்போதுதான் அவருடைய காலைப் பார்த்தேன். குதிகால் இரண்டும் ஒட்டியிருந்தன. முட்டி பூட்டியிருந்தது. ரோடு அவருக்குப் பின்னால். முகம் பந்தலைப் பார்த்து, உள்நோக்கி. பந்தலின் நிழல் அவர் காலிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு கோடாக விழுந்திருந்தது. அவர் கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். குதிகால் வலியில் லிப்ட் வரை நொண்டிக்கொண்டே போனேன். கதவைத் திறந்த அக்கா, "எதையாச்சும் மறந்துட்டீங்களா தம்பி?" என்றார்.

"அக்கா, அன்னிக்கு ஒங்கள நிக்க வெச்சானா?"

அவர் மெதுவாகப் போய் உட்கார்ந்தார். "ரெண்டு மணி நேரம்தான். சாப்பாடு முடியிற வரைக்கும். எல்லாரும் பாக்குற மாதிரி நில்லுங்க, நெழலுக்கு வராதீங்க, அப்பதான் வாய் அடங்கும்னு சொன்னாரு."

"அந்த பேக்டரிப் பொண்ணு?"

"நான்தான். பின்ன யாரு?"

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"என்னான்னு சொல்றது தம்பி? நேரா எதிர வந்து நின்னீங்க. நான் ஒங்களயேதான் பாத்துக்கிட்டிருந்தேன். சிரிச்சிட்டுப் போயிட்டீங்க."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால் தேவலை. மலரை மடியில் வைத்து, சிப்பாயின் படத்தை விரலால் தொட்டார்.

"இத வரஞ்ச வெள்ளக்காரன் இவர காப்பாத்தல. ஆனா பாத்திருக்கான். ரெண்டு துப்பாக்கியையும் விடாம வரஞ்சிருக்கான். நீங்க பாக்காமலே எடுத்துட்டீங்க." மலரை மூடி வைத்துவிட்டு, "எனக்கு எழுதுனத விடுங்க. அச்சாயிருச்சு. அவருக்கு எழுதுனத மட்டும் மாத்திருங்க," என்றார்.

மறுநாளே போய் மேனேஜரைக் கேட்டேன். அவன் அக்காவைப் பற்றி எதுவும் பேச விரும்பவில்லை. "ஒரு பாடத்துக்குத்தான்டா சொன்னேன். அவங்க அப்படியே அசையாம நிப்பாங்கன்னு நான் நெனக்கல," என்று மட்டும் சொன்னான். அவனும் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குறிப்பைப் பற்றிக் கேட்டதும், "தமிழ்ல மட்டும்னா மாத்திக்க. யாரு படிக்கப் போறா," என்றான். இன்றும் போய்ப் பார்க்கலாம். ஆங்கிலத்திலும் மலாயிலும் அவன் காவல் சிப்பாய். தமிழில் இப்படி இருக்கும்: "வெயிலில் நிறுத்தி வைக்கப்பட்ட சிப்பாய். தோளில் இரண்டு துப்பாக்கிகள். நிழல் இரண்டடி தள்ளி இருக்கிறது."

அக்கா அதைப் பார்க்கவில்லை. போனில் படித்துக் காட்டினேன். "இப்ப சரி," என்றார். அழைத்து வருகிறேன் என்று பலமுறை சொன்னேன். கால் இடம் கொடுக்கவில்லை. பிறகு பாலத்துக்கு அப்பால் பத்து காவான் என்ற ஊரில், அங்கே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகளின் வீட்டுக்குப் போய்விட்டார். போன வருடம் இறந்துபோனார்.

செய்தி கேட்டுப் பாலத்தைத் தாண்டிப் போனோம், நானும் மேனேஜரும் அவன் காரில். புதுக் குடியிருப்பு, வீடு நிறைய ஆட்கள். தலைமாட்டில் விளக்கு, அதற்குப் பக்கத்தில் மாலை போட்ட பெரிய படம். வேறு நல்ல படம் கிடைக்கவில்லையாம். மலரிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். சிப்பாய் இல்லை, என் வரி இல்லை. நீலச் சட்டையில் அக்கா மட்டும். கீழ் ஓரத்தில் அந்த நிழல் கோடு அப்படியே இருந்தது.

உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "டவுன்ல ஜாகாவா இருந்தப்ப எடுத்தது. வாசல்ல எப்படி நிமிந்து நிக்கிறாங்க பாத்தீங்களா?"

மேனேஜர் கையில் மாலையோடு தலையைக் குனிந்துகொண்டான். நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அக்கா என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க," என்றேன். "அவங்க காவலுக்கு நிக்கல. நிக்க வெச்சிருந்தாங்க."

விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தார். "யாரு நிக்க வெச்சது?"

"நாங்கதான்மா," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து எனக்குப் பின்னால் போட்டுவிட்டு, அம்மாவிடம் போய் உட்கார்ந்தார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. எடுக்கும் நேரம் வரை அந்தப் படத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன்.